பெங்களூரு போய்த் திரும்பும் தக்காளி

வா மாப்ளே, உக்காரு. மூணு கொட்டேஷனும் படிச்சேன். கண்ணாடி போட்டுத்தான் படிச்சேன், சிரிக்காதே. வயர்லெஸ் கன்ட்ரோலருக்கு அவங்க கேக்கிற காசுல இங்க ஒரு தென்னந்தோப்பையே முடிச்சிடலாம். போகட்டும், கம்பெனிக் காசுதானே.

உங்க தலைமை ஆபீஸ் பெங்களூர்ல. கிடங்கு நம்ம பாலக்கோட்டுல, மத்த கிளைங்க ஊருக்கு ஒண்ணா. முதல் கொட்டேஷன்காரன் என்ன சொல்றான்? வைஃபை வீசுற பெட்டி, அதான் ஏபி, எல்லாமே பெங்களூரு கன்ட்ரோலருக்கே டனல் போடணும், டேட்டா முழுக்க அங்க போய்த்தான் திரும்பணுமாம். ஏன் மாப்ளே, நம்ம மண்டியில ஏலம் எடுத்த தக்காளியைப் பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்குக் குடுக்க, ராயக்கோட்டை, ஓசூர்னு பெங்களூரு வரைக்கும் ஏத்திட்டுப் போய், எடை போட்டுத் திருப்பி இறக்குவியா? ஸ்கேனரும் இங்க, பிரின்டரும் இங்க. உத்தரவு அங்கிருந்து வரட்டும், சரக்கு இங்கயே கைமாறட்டும். இதுக்கு லோக்கல் ஸ்விட்ச்சிங்னு பேராம். சிஸ்கோக்காரன் ஃப்ளெக்ஸ்கனெக்ட்ங்கிறான்.

தலைமை ஆபீஸ் கட்டடம் வேற கதை. மாடிக்கு மாடி போன்ல பேசிக்கிட்டே அலையற ஆளுங்க. அங்க டனல் போட்டுக்கோ, நான் குறுக்க நிக்கல. ஒண்ணு மட்டும் கவனி. ஏபியும் கன்ட்ரோலரும் பேசிக்கிற கேப்வாப்புக்கு ரெண்டு வாசல்: உத்தரவுக்கு 5246, சரக்குக்கு 5247. ஃபயர்வால்ல முதல் வாசலை மட்டும் திறந்து வச்சா, ஒரு மெயில் நகராது. அப்புறம் நீ பெட்டியை மாத்துவே, வயரை மாத்துவே, கடைசியில சாமி கும்பிடுவே.

ரெண்டாவது கொட்டேஷன்ல சிஸ்கோ 9800-80. ஒரே பெட்டி 6,000 ஏபி தாங்குமாம். தாங்கட்டும். அது படுத்தா எத்தனை ஏபி படுக்கும்னு கேட்டியா? ஜோடியா வாங்கு. வாங்கிட்டு ரெண்டையும் ஒரே ரேக்குல, ஒரே கரண்டுல மாட்டிடாதே. ரெண்டு மாட்டையும் இத்துப்போன ஒரே முளையில கட்டுறவனை ஊர் என்ன சொல்லும்னு உனக்கே தெரியும்.

மூணாவது ஆள் எல்லாம் கிளவுடுங்கிறான். வேலை குறைச்சல், நிஜம்தான். சந்தா தீர்ந்தா ஏபி ஓடுமா, ஆணியில வெறுமனே தொங்குமான்னு எழுத்துல வாங்கிக்கோ. இதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். ரயில்வே ஸ்டேஷன் வைஃபையை 2016 ஜனவரியில, மும்பை சென்ட்ரல்ல, கூகுளும் ரயில்வேயோட ரயில்டெல்லும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. 2018-க்குள்ள 400 ஸ்டேஷன் ஆச்சு. 2020-ல கூகுள் நான் போறேன்னு ஒதுங்கிடுச்சு. தண்டவாளத்தோரம் கேபிள் ரயில்டெல்லோடது, அதனால வைஃபை நிக்கல. வந்தவன் போனாலும் கிணறு யாருதுன்னு பாத்துக்கோ.

இன்னொண்ணு. ஆளைச் சரிபாக்கிற ரேடியஸ் சர்வரும் பெங்களூர்லயே இருந்தா, லைன் போன அன்னிக்குக் கிடங்குல ஏற்கெனவே உள்ள இருக்கிறவன் கொஞ்ச நேரம் பொழைப்பான், காலை ஷிப்டுக்குப் புதுசா வர்றவன் வாசல்லயே நிப்பான். கிளையிலயும் சரிபாக்க ஒரு வழி வை. இதை மூணு பேர்ல ஒருத்தனும் எழுதல, கவனிச்சியா?

கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒருநாள் மத்தியானம், அவங்க சோதனைக்குத் தர்ற பெட்டியை இங்க மாட்டி, பெங்களூரு லைனைப் புடுங்கிவிடு. ஸ்கேனர் ஓடினா எனக்குப் போன் பண்ணு. ஓடலன்னா அந்த சேல்ஸ் தம்பிக்குப் பண்ணு.