ஹட்டனிலிருந்து ஒரு புகழுரை

ஐ.இ.இ.இ. கணினிச் சங்கத்தில் பகிர்ந்த செயலாக்கத்துக்கென்று ஒரு தொழில்நுட்பக் குழு இருக்கிறது. எங்கெங்கோ கிடக்கும் கணினிகளைக் கோத்து, ஒரே கணினிபோல வேலை வாங்கும் கலையை வளர்ப்பவர்கள் அவர்கள். 1979இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் தொடங்கிய அவர்களுடைய மாநாடு பிறகு நாரா, வியன்னா, பொலோன்யா என்று ஊர் ஊராகப் போய்வந்தது. இலங்கை மலையகத்துத் தேயிலை ஊரான எங்கள் ஹட்டனுக்கு அவர்கள் ஏறி வந்ததில்லை. அதனால் என்ன? முகம் பாராத முதலாளிகளை வாழ்த்திப் பழகிய மண் இது. அறிஞர்களை வாழ்த்துவதில் குறை வைக்குமா?

குழுவினரே, முதலில் உங்கள் நேர்மைக்கு ஒரு வணக்கம். இயந்திரமும் பொய் சொல்லும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட துறை உங்களுடையது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982இல் பைசாந்தியத் தளபதிகளின் கதையாக அதை எழுதினார்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒருவன் பொய்யனாக இருந்தால், மற்றவர்கள் ஏமாறாமல் ஒரே முடிவுக்கு வர மொத்தம் நான்கு பேராவது வேண்டும். இரண்டு பொய்யர் என்றால் ஏழு பேர். மாற்ற முடியாத கையொப்பத்தோடு சொல் வருமானால் அத்தனை பேர் தேவையில்லை என்பதையும் அதே கட்டுரையில் நிறுவினார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் அநியாயம் நடந்துவிடக் கூடாதென்று இத்தனை கவலைப்பட்ட வேறொரு துறையை நான் கண்டதில்லை.

இதே நினைப்போடு ஒருநாள் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். பனிமூட்டம் விலகாத நேரத்திலேயே பெரட்டில் பேர் கொடுத்து, மலையில் நின்று கொழுந்தெடுத்து, இடுப்பில் கட்டிய படங்கு நனைய நனைய வந்த அக்கா ஒருவர் கூடையைத் தராசில் கொளுவினார். புதுத் தராசு, எண் மின்னும், மின்னிய எண் கம்பியில்லாமலே கையடக்கக் கருவிக்குப் போய்விடும்.

"எத்தனை தம்பி?"

"பதினேழு."

"பத்தொம்பது காட்டுச்சே?"

"கூடைக்கும் தண்ணிக்கும் ரெண்டு போச்சு அக்கா. அது தானா கழிச்சுக்கும்."

அந்தத் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம். பதினேழுக்கு அரைப்பேர். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுப்பாராம். சம்பளத்தன்று செக்ரோல் பதிவேட்டில் குறைந்திருந்தால் அந்தத் துண்டை நீட்டி வாதாடலாம். புதுத் தராசு வந்ததும் துண்டு நின்றுபோயிற்று. நான்கு பேர் இருந்தாலொழிய ஒரு பொய்யனைக்கூடச் சமாளிக்க முடியாது என்று நீங்கள் நிறுவி நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. கொழுந்து நிறுக்கும் இந்த மடுவத்தில் தராசு ஒன்று, அதைப் பார்க்கும் ஆள் ஒருவர். எதிரே நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு உங்கள் கணக்கில் இடமே இல்லை.

அடுத்து உங்கள் ஞாபகசக்தி. ஒரு தகவலை ஒரே இடத்தில் வைத்தால் என்றாவது தொலையும் என்று கண்டு, குறைந்தது மூன்று இடங்களில் பிரதி வைக்கும் வழக்கத்தை உலகத்துக்குப் பழக்கினீர்கள். கூகுள் தன் கோப்பு அமைப்பைப் பற்றி 2003இல் வெளியிட்ட கட்டுரையிலும் அந்த மூன்றுதான் வழக்கமான எண்ணிக்கை. இப்படிப்பட்ட பாதுகாப்புக்குள் ஒருமுறை போய்விட்டால் அந்தப் பதினேழுக்கு அழிவே கிடையாது. ஒரு வட்டு எரியட்டும், ஒரு கட்டடமே வெள்ளத்தில் போகட்டும், இன்னொரு கட்டடத்தில் அது பத்திரமாக இருக்கும். தப்பான எண்ணை இவ்வளவு சிரத்தையாகக் காத்த கணக்கேடு துரைமார் காலத்திலும் இருந்ததில்லை. மூன்று பிரதிகளில் ஒன்றுகூடக் கொழுந்தெடுத்தவர் கையில் இல்லை. இதை மறதி என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையையும் ஓர் இடமாக எண்ண வேண்டும் என்று யாரும் உங்களுக்கு வேலை வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையகம் உங்களை மனதாரப் பாராட்ட வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. 1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் மூவரும் ஒன்றை நிறுவினார்கள்: செய்தி எப்போது வந்துசேரும் என்று எல்லை இல்லாத வலையில், ஒரே ஓர் உறுப்பு மௌனமாகிவிடக்கூடும் என்றாலே போதும், எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உறுதிசொல்லும் முறை எதுவும் கிடையாது. கணிதம் தெரியாமலே எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். 2015ஆம் ஆண்டளவில் எழுந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கையை நினைத்துப் பாருங்கள். தொழிற்சங்கம் கேட்டது, கம்பெனிகள் யோசித்தன, அரசாங்கம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னது. கூட்டு ஒப்பந்தம் வந்தது, ஆயிரம் வரவில்லை. 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் ஏறியது. அதன் பிறகும் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. செக்ரோலில் பேர் போடப்பட்டபடியே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். உங்கள் இயந்திரங்களுக்கு இந்த அவதி இல்லை. பதில் வராத உறுப்புக்கு ஒரு காலக்கெடு வைத்து, கெடு தாண்டினால் அது செத்துவிட்டதாகக் கொண்டு மற்றவை தலைவரைத் தெரிவுசெய்து மேலே போகும்படி செய்துவிட்டீர்கள். மின்சாரத்தில் ஓடும் ஒன்றைக் காத்திருக்க வைக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

உங்கள் பரவலாக்கத்தையும் பாடாமல் விடமாட்டேன். கோடிக்கணக்கான கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தீர்கள். சொந்தம் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்தது. 2025 அக்டோபர் 20ஆம் திகதி அமேசானின் வட வர்ஜீனியா மையங்களில் பெயரிலிருந்து முகவரி கண்டுபிடிக்கும் ஏற்பாடு தடுமாறியதும், உலகமெங்கும் எத்தனையோ செயலிகள் விக்கி நின்றன. இந்த அமைப்பு எங்களுக்குப் புதிதல்ல. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட நாளிலிருந்து வேலை மலைமலையாகப் பரவியிருக்கிறது. கணக்கும் தீர்ப்பும் முதலில் லண்டனில், பிறகு கொழும்பில். நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் வடிவத்தை எங்கள் பாட்டன்மார் முதுகால் கட்டினார்கள்.

வலை அறுவதையும் எங்கள் மலை பார்த்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண் சரிந்தது. வீதி அறுந்தது, ரயில்பாதை அறுந்தது, பல இடங்களில் போனும் அறுந்தது. வலை துண்டுபட்டால் சரியான தகவலையோ உடனடிப் பதிலையோ ஒன்றைத்தான் காக்க முடியும் என்று எரிக் புரூவர் 2000இல் சொன்னதும், 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் அதை நிறுவியதும் உங்கள் துறையின் பெருமைகள். துண்டுபட்ட மலைக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. யார் தப்பினார், எந்த லயத்து வீடுகள் போயின என்ற செய்தியைச் சேற்றில் நடந்து வந்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கட்டுரையும் வராது. அவர்கள் உங்கள் வரைபடத்தில் கணுக்கள் அல்லர்.

உங்கள் அறிவுக்கு முன்னால் நான் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. நிறுத்த எடையும், கழித்த எடையும், கழித்த காரணமும், மாற்ற முடியாத கையொப்பத்தோடு ஒரு சீட்டாக நிறுத்த கணத்திலேயே கொழுந்தெடுத்தவர் கைக்கு வர வேண்டும். அச்சடித்த துண்டாக வரட்டும், மகளின் போனுக்குக் குறுஞ்செய்தியாக வரட்டும். சிக்னல் இல்லாத மலையிலும் வர வேண்டும், தமிழில் வர வேண்டும். தராசுக்காரர் திருத்தினால் அந்தத் திருத்தமும் வர வேண்டும். இதற்கான கணிதம் முழுவதும் 1982க்குள்ளேயே உங்கள் கையில் இருந்தது. புதிதாக எதையும் நீங்கள் நிறுவ வேண்டியதில்லை. தராசு விற்கிறவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் பொருந்தும் தரநிலை ஒன்றை எழுதி, அந்தச் சீட்டு இல்லாத ஏற்பாட்டைப் பகிர்ந்த அமைப்பு என்று அழைக்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியை எழுதுகிறவர் எவராயினும் அவரைப் புகழ எனக்கு இத்தனை சுற்றுவழி தேவைப்படாது.