திரும்பி வருவீரா?

விசா மறுப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். உங்கள் பத்திரங்களைக் கவனமாகப் பார்த்தோம் என்று மரியாதையாகத் தொடங்குவார்கள். வந்த அலுவல் முடிந்ததும் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதில் எமக்குத் திருப்தியில்லை என்று முடிப்பார்கள். ஷெங்கன் நாடுகள் அவ்வளவு மினக்கெடுவதுமில்லை; அச்சடித்து வைத்த காரணங்களில் ஒன்றுக்கு எதிரே அடையாளம் போட்டுவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. கிளிநொச்சியில் இருக்கும் ஒரு பிராந்திய நிருபரை, முல்லைத்தீவில் இரவல் கமராவில் ஆவணப்படம் எடுத்த ஒரு பெடியனை, பயிலரங்குக்கு வா, விழாவில் உன் படத்தைப் போடுகிறோம் வா என்று வெளிநாட்டவர் அன்பொழுகக் கூப்பிடுவதும், அதே நாட்டின் தூதரகம் வராதே என்பதும் வழமையாகிவிட்டது. மறுக்கட்டும். அவர்கள் நாடு, அவர்கள் கதவு. ஆனால் வன்னியானைப் பார்த்து நீ திரும்பிப் போவாயா என்று கேட்கிறார்களே, அந்தக் கோதாரிக் கேள்விதான் இன்னும் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது. இந்தக் கேள்விக்கு விடை எழுதியே கை தேய்ந்த சனம் நாங்கள்.

தொண்ணூறுகளை நினைத்துப் பாருங்கள். வன்னியை விட்டு வெளியே போகப் புலிகளின் பாஸ் வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஓர் ஆள் வேண்டும். போனவர் வராவிட்டால் நின்றவருக்குக் கஷ்டகாலம். அதைத் தாண்டி வவுனியாவில் கால் வைத்தால் இந்தப் பக்கத்துப் பாஸ்: எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய், எத்தனை நாள், எப்போது திரும்புவாய். கொழும்பில் இறங்கினால் பொலிஸ் பதிவு. இவ்வளவும் ஒரே நாட்டுக்குள்ளே, கண் காட்டப் போன கிழவிக்கும் சேர்த்துத்தான். உள்ளே வருகிற பத்திரிகையாளர் பாடும் லேசானதாக இருக்கவில்லை. சண்டே டைம்ஸ் நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் அனுமதியில்லாமல் வன்னிக்குள் வந்து, திரும்பும் வழியில் படையினரின் தாக்குதலில் இடது கண்ணை இழந்தார். அடுத்த வருடம் ஏப்ரல் 10 அன்று பிரபாகரனின் செய்தியாளர் மாநாட்டுக்கு உலகத்துக் கமராக்களெல்லாம் கிளிநொச்சிக்கு வந்து மணித்தியாலக் கணக்கில் சோதனைக்கு நின்றன. பிறகு கதவு மறுபடி சாத்தப்பட்டது. போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2014 ஒக்டோபரில்கூட, வடக்குக்கு வரும் வெளிநாட்டவர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆட்சி மாறிய பிறகுதான் அது போனது. ஆகவே அனுமதி கேட்பதில் எங்களுக்கு இருக்கும் அனுபவம் எந்த விசா அதிகாரிக்கும் இருக்க வாய்ப்பில்லை.

இனி விசாவுக்குக் கட்டும் பைலைப் பாருங்கள். பைல் கட்டாத வீடு நம்மில் எது? முதலில் வேலைக் கடிதம். பிராந்திய நிருபருக்கு நியமனக் கடிதமே இருக்காது. செய்தி வந்தால் அந்தச் செய்திக்குக் காசு, வராவிட்டால் இல்லை. சேமலாப நிதி, சம்பளச் சீட்டு என்பதெல்லாம் கொழும்புத் தலைமையகத்தில் கதிரை உள்ளவர்களின் விஷயம். அடுத்தது விடுமுறைக் கடிதம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த செய்தியை நள்ளிரவில் எழுதி அனுப்புகிறவனுக்கு லீவு கொடுப்பது யார்? இரணைமடுவா? சரி, சொத்துக் காட்டு என்கிறார்கள். குடியேற்றத்திட்டக் காணிகளில் பெரும்பகுதிக்குக் கையில் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். அரசாங்கத்தைக் கேளாமல் விற்க முடியாது. உறுதி கேட்கும் வெள்ளைக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவதற்குள் விசாக் காலமே முடிந்துவிடும். இராணுவ முகாமுக்குள் காணி அகப்பட்ட கேப்பாப்புலவில் இன்னொரு ரகம். காணி இருக்கிறதா? இருக்கிறது. உள்ளே போகலாமா? முகாம் வாசலில் நிற்கும் சிப்பாயைக் கேளுங்கள். 2017 இல் அந்தச் சனம் வீதியில் குந்தியிருந்து கேட்டபோது ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. இந்தக் காணியை மதிப்பீட்டாளரைக் கொண்டு அளந்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, விதானையார் கடிதமும் வைத்து, பிரதேச செயலக முத்திரையும் குத்தி, நான் ஊரோடு கட்டுண்டவன் என்று நிரூபிக்க வேண்டுமாம். பிறகு வங்கிக் கணக்கு. நாலாயிரம் ரூபாய்க்கு மேல் தங்காத கணக்கில் ஐந்து லட்சம் காட்டுவது எப்படி என்று யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா போடுவார், மச்சான் போடுவார், ஆறு மாதம் அதைத் தொடக்கூடாது, விசா குத்தியதும் எடுத்து அடுத்த மருமகனின் கணக்கில் போடுவார். அந்த ஐந்து லட்சம் ஒரு குடும்பத்தில் எத்தனை பேரின் நிரந்தர வைப்பாக இருந்து எத்தனை தூதரகங்களின் நேர்முகத்தை முடித்திருக்கும்! விசா கொடுப்பதென்றால் அந்தக் காசுக்குத்தான் கொடுக்க வேண்டும். அது தவறாமல் திரும்பி வந்திருக்கிறது.

பைலை மூடினால் படிவம் திறக்கிறது. பிரித்தானியப் படிவம், நீங்கள் எப்போதாவது இராணுவம், அரசாங்கம், நீதித்துறை, பாதுகாப்பு நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்ததுண்டா என்று கேட்கிறது. அதே வரிசையில் ஊடகமும் நிற்கிறது. இத்தனைக்கும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் தன் ஊர்ப் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கச் சாதாரண வருகை விசாவே போதும் என்பது அவர்களுடைய விதிதான். அதற்குப் பிறகு பயங்கரவாத அமைப்பு எதற்காவது ஆதரவு கொடுத்தீர்களா என்று வரும். 2008 வரை கிளிநொச்சியில் நீதிமன்றம், பொலிஸ், வங்கி, வரி எல்லாம் யாருடையவை என்பது உலகத்துக்கே தெரியும். வெங்காயத்துக்கும் வரி கட்டித்தான் சமைத்தோம். புலிகள் நடத்திய பாண்டியன் சுவையூற்றில் சின்ன வயதில் குளிர்களி சாப்பிட்டவன் இந்தப் பெட்டியில் எதைப் போடுவது? சிரிக்கலாம், ஆனால் புலிகள் கடத்திக்கொண்டு போய், காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட ஓர் இலங்கை மீனவருக்கு அமெரிக்காவில் புகலிடம் மறுக்கப்பட்டது. கொடுத்த மீட்புப்பணம் பயங்கரவாதத்துக்கான பொருளுதவியாம்.

நம்மவர்கள் போய் நின்றுவிடுவதில்லையா என்று கேட்பீர்கள். நின்றுவிடுகிறார்கள்தான், ஸ்காபரோவும் பாரிஸின் லா ஷப்பெலும் வானத்தில் இருந்து விழவில்லை. ஆனால் நின்றுவிட முடிவெடுத்தவனின் பைலைப் பார்த்திருக்கிறீர்களா? ஏஜென்சிக்காரன் கட்டியது, நியமனக் கடிதம், லீவுக் கடிதம், வைப்புச் சான்றிதழ், ஒரு கடதாசி குறையாது. குறை இருப்பதெல்லாம் உண்மையாகவே திரும்பி வர இருக்கிறவனின் பைலில்தான். இந்த விசா முறை சோதிப்பது பைல் கட்டும் திறமையை. மனிதனின் எண்ணத்தை அது தொடுவதேயில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவாவது ஒளிவுமறைவு இல்லாதது: நிரூபிக்கும்வரை தற்காலிக விசா கேட்கிற அநேகமாக எல்லோருமே குடியேற வருகிறவர்கள்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது, ஊடகவியலாளருக்கான ‘ஐ’ விசா உட்பட. சரி, நேரில் எதற்கு, ஸூமில் வரலாமே என்கிறார்கள் சிலர். இவர்கள் கொரோனாவுக்குப் பிறகு பிறந்த அறிவாளிகள். மின்சாரம் எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டு, தன் படத்துக்குக் கைதட்டுகிறார்களா இல்லையா என்று தெரியாமல் சின்னப் பெட்டிக்குள் இருந்து தலையாட்டுவதற்கு ஒருவன் படம் எடுத்திருக்க மாட்டான்.

நம் அரசாங்கமும் இதில் சளைத்ததல்ல. இறுதிப் போரைப் பற்றிய ‘நோ ஃபயர் சோன்’ படத்தின் இயக்குநர் கலம் மக்ரே 2013 நவம்பரில், பொதுநலவாய மாநாட்டுக்கு முறையான விசாவோடு வந்தவர். வடக்குக்கு ரயில் ஏறினார். அனுராதபுரத்தில் ஆர்ப்பாட்டக்காரர் ரயிலை மறித்தார்கள், அவர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். விசா இருந்தும் வன்னிக்கு வர முடியவில்லை. இதையும் பாருங்கள்: 2015 இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற ‘தீபன்’ படத்தின் கதை, இறந்துபோன மூன்று பேரின் கடவுச்சீட்டில் போலிக் குடும்பமாகப் பிரான்சுக்குப் போகிற ஈழத்தமிழரைப் பற்றியது. நல்ல படம், விருதும் தகும். ஆனால் எங்களைப் பற்றிய பொய்க் கடவுச்சீட்டுக் கதைக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிற ஊர்களில், உண்மைக் கடவுச்சீட்டோடு வருகிறவனுக்கு வரவேற்பறையில் கதிரைகூடக் கிடையாது. அந்த உண்மைக் கடவுச்சீட்டுக்காக 2022 இல் வவுனியாக் கந்தோர் வாசலில் சனம் இரவிரவாகப் படுத்துக் கிடந்தது.

திரும்பி வருவதற்கான காரணத்தைப் படிவம் காணியிலும் காசிலும் தேடுகிறது. அது இருப்பது வேறிடத்தில். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் போய் நிற்பவன் நான் முதலில் சொன்ன கிளிநொச்சி நிருபர். 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தபோது, ஒவ்வொரு கட்ட அகழ்வுக்கும் நீதிமன்றத் தவணைக்கும் மோட்டார்சைக்கிளில் போய் வந்ததும் அவனைப் போன்றவர்கள்தான். லண்டனில் இருந்து கொண்டு இதை எழுத முடியாது. அவனுடைய தொழில், பேர், நாளைய செய்தி எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன. இதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஓர் இடம் கிடையாது. மற்றவை என்ற பெட்டியில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது.

விழா நடத்துகிறவர்களுக்கும் பயிலரங்குக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்புக் கடிதத்தில் எங்கள் மண்ணின் வலியைப் பற்றி எழுதுவதைக் குறையுங்கள். பயணச் செலவு யாருடையது, தங்குவது எங்கே, எந்தத் திகதியில் திரும்ப ரிக்கற் போட்டிருக்கிறது, சந்தேகம் இருந்தால் தூதரகம் யாருக்கு அழைப்பது என்று எழுதுங்கள். அந்தத் தொலைபேசியை எடுக்க ஓர் ஆளையும் வையுங்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், முடிவு வர 45 நாளும் ஆகலாம். விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது கடிதம் அனுப்பாதீர்கள்.