ஐந்துக்கு எத்தனை?

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், திருவண்ணாமலைக்கு வரும் நிறுவனக் குழுக்களுக்கு நான் கோச்சாக இருக்கிறேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பௌர்ணமியை ஒட்டி வருவார்கள். பகலில் செங்கம் சாலை விடுதி ஹாலில் அமர்வு, இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம். மறுநாள் கிளம்பும்போது எல்லார் போனிலும் ஒரு படிவம் வந்து நிற்கும்: பயிற்சி எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை?

பெரும்பாலும் ஐந்து போடுகிறார்கள். மலையைப் பார்த்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வேறென்ன போடுவார்கள்?

எண்பதுகளில் இதே ஊரில் ஒரு வங்கிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் தனி மாவட்டமானோம். கடன் மனுவை எடுத்துக்கொண்டு போனால் மேனேஜர் உடனே கையெழுத்துப் போடமாட்டார்.

"உன் வீட்டுப் பணமா இருந்தா குடுப்பியாப்பா?"

"கிணத்துல தண்ணி இருக்கு சார். ஆனா கோடையில நிக்குமான்னு தெரியல."

"யாரைக் கேட்டா தெரியும்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரைத் தேடிப் போவேன். பதில் மேனேஜருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. சொல்லிவிட்டிருந்தால் அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். சொல்லவில்லை.

மகள் கல்யாணத்துக்காக அவர் நீண்ட விடுப்பில் போனபோது கிளையில் ஒரு மனுவும் தேங்கவில்லை. அவர் எங்களுக்குச் செய்ததற்கு அதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை. யாரும் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

இப்போது அளவுகோல்களுக்குக் குறைவில்லை. 1959இலேயே டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சியின் பயனை நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. விடுதிப் படிவம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. மேலே ஏற மாதங்கள் ஆகும். ஏறினாலும் எண்கள் குழப்பும். தனக்குப் பொறுமையாகக் கேட்கத் தெரியும் என்று முதல் நாள் நான்கு போட்டுக்கொண்ட அதிகாரி, ஆறு மாதம் கழித்து இரண்டு போடுகிறார். தாளில் அது சரிவு. நடந்ததோ, தன்னைச் சரியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அவரையே கேட்காமல், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களைக் கேட்டால்தான் அது தெரியவரும். கூட்டத்தில் இப்போது யாரெல்லாம் வாய் திறக்கிறார்கள்? தவறு நடந்தால் அன்றே சொல்கிறார்களா? அவர் விடுப்பில் போனால் வேலை நிற்கிறதா?

யாருக்கான பயன் என்பதும் முதலிலேயே பேசப்பட வேண்டும். 1902இல் வருவாய்த்துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை அலுவல் நிமித்தம் இங்கே வந்தார். விரூபாட்ச குகையில் மௌனமாக இருந்த 22 வயது ரமணரிடம் 'நான் யார்?' என்று கேட்டார். எழுத்திலேயே பதில்கள் கிடைத்தன. 1910இல் அரசு வேலையை விட்டார். அந்தக் கேள்வி பதில்கள் நூலாக வந்தது 1923இல். அலுவலகக் கணக்கில் ஓர் ஊழியர் குறைந்தார். அவர் கணக்கில் வாழ்க்கையே திரும்பியது. இரண்டும் உண்மை. கோச்சிங் முடிந்து ஒருவர் தெளிவோடு ராஜினாமா கொடுத்தால் அது வெற்றியா தோல்வியா என்று, பணம் கட்டுகிறவர்களிடம் நான் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சிலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

சென்ற பங்குனியில் வந்த குழுவின் மனிதவள அதிகாரியிடம், ஆறு மாதம் கழித்து ஊழியர்களை நானே சந்தித்துப் பேச வேண்டும் என்றேன். இந்தப் பயிற்சிக்கு வராத இன்னொரு கிளையின் நிலவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தை நன்றாக இருந்தால் எல்லாக் கிளையும்தான் உயரும்.

"அதுக்கு பட்ஜெட் இல்லையே சார்."

"என் கட்டணத்துல பாதியை அன்னைக்குக் குடுங்கம்மா. ஒண்ணும் மாறலைன்னா குடுக்க வேண்டாம்."

ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிக்கொண்டோம். புரட்டாசியில் போகிறேன்.