ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணுங்களேன்!

சென்சார் சார் யார் வீட்டு வாசலுக்கு வந்தாலும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். ஒரு கையில் கைலி நுனி, இன்னொரு கையில் போன், கண் போனில். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ஓவன் ஓடுதா?" என்பார். ஆமாம் என்றால், "ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணுங்களேன்." இல்லை என்றால், "அப்ப வைஃபை?"

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இப்போது அடுக்ககத்துக்கு ஒருவர் இப்படிக் கிடைக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒரு பெட்டி அனுப்பியிருப்பான். கதவுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, சம்ப்புக்கு ஒன்று என்று விம்கோ தீப்பெட்டி போலச் சின்னச் சின்ன சென்சார்கள். கதவைத் திறந்தால் விளக்கு எரியவேண்டும். எரியாது. எரியாததற்குக் காரணம் நாம்.

அவர் சொல்வதில் அறிவியல் இல்லாமல் இல்லை. ஜிக்பீ சென்சார், வைஃபை, புளூடூத் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் ஓவன் சாம்பாரைச் சூடாக்குவதும் ஏறக்குறைய அதே இடத்தில்தான். காயின் பேட்டரியில் ஓடும் சென்சார் கிசுகிசுக்கிறது, பக்கத்தில் ரவுட்டர் கத்துகிறது. இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமலே யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-ல் மத்திய அரசு திறந்துவிட்டது. அந்த 'யாரும்' என்பதில் நாமும் அடக்கம் என்பதைத்தான் சென்சார் சார் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாடிப் பையன் புளூடூத் ஸ்பீக்கரில் கானா போட்டால் அஞ்சு நிமிஷம். கீழ் வீட்டுப் பெண் ஆன்லைன் நேர்காணலில் இருந்தால், "முடிஞ்சதும் ஒரு அஞ்சு நிமிஷம்மா." ஆடி மாதம் கூழ் ஊற்றும் இடத்துக்குப் போய், பக்திப் பரவசத்தில் இருந்த பூசாரியிடம் "இது கார்ட்லெஸ் மைக்கா?" என்று கேட்டவர் அவர். துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டு நின்றால் மொட்டை மாடிக்குப் போய் அதையே முறைப்பார். "ரேடார் போட்டிருக்கான்." கப்பல் ரேடார் 3 கிகாஹெர்ட்ஸிலும் 9 கிகாஹெர்ட்ஸிலும் ஓடுவது, மாலுமிகள் பேசும் வி.எச்.எஃப். 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பது, இரண்டுக்கும் அவர் வீட்டுக் கதவுக்கும் சம்பந்தமில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. கேப்டன் நம்பர் கிடைக்காததால் கப்பல் தப்பியது.

அவருக்கு ஆட்களைப் பெயரால் தெரியாது, வைஃபை சேனலால் தெரியும். நான் 'ரெண்டாம் மாடி, சேனல் ஆறு'. புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றி, "சேனல் பதினொண்ணு. பாத்தா நல்லவங்க மாதிரி தெரியல" என்றார். அவர்கள் இன்னும் பாலே காய்ச்சியிருக்கவில்லை. யாராவது எதிர்த்துப் பேசினால் ஜகதீஷ் சந்திர போஸை இழுப்பார். "1895-லயே கல்கத்தாவுல அந்த மனுஷன் சுவர் தாண்டி, ஒயர் இல்லாம மணி அடிச்சுக் காமிச்சாரு. எனக்கு ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் போகலியே!" போஸுக்கு அக்கம்பக்கத்தில் ஓவன் வைத்தவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. இதற்கிடையில் அவர் வீட்டம்மா எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்காருவார்.

சம்ப்பு விஷயத்தில் மட்டும் அவரைத் திட்ட மனம் வராது. இரும்பு மூடிக்கடியில் போட்ட சென்சார் எதையும் வெளியே சொல்லாது, சிக்னல் மூடியைத் தாண்டாது. அதனால் மெட்ரோ வாட்டர் வருகிற விடியற்காலையில் அவரே டார்ச்சோடு இறங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்து, வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். "தண்ணி வந்துடுச்சு, மோட்டார் போடுங்க." இந்தப் பகுதியிலேயே தவறாமல் வேலை செய்யும் சென்சார் அவர்தான்.

ஆனால் இந்தப் பக்கத்துக்கு உண்மையிலேயே வேண்டிய சென்சார் வேறு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள், பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர்க் கழிமுகத்திலும் வீடுகளிலும் படிந்திருந்தது. இரண்டையும் ஊர்க்காரர்கள் மூக்கால்தான் கண்டுபிடித்தார்கள். நாற்றம் வந்தால் அது எந்தக் கம்பெனியின் நாற்றம் என்று குழந்தைகூடச் சொல்லும் ஊரில், காற்றை அளந்து தெருவில் சைரன் ஊதவேண்டியது வீட்டுக்காரர் காசில் நடக்கிற வேலை அல்ல. புகைபோக்கிக்காரனிடம் போய் அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, சென்சார் சாருக்கும் வரவில்லை. என் வீட்டு ஓவனிடம்தான் எல்லா வீரமும்.

போகட்டும், அவர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். டிவி ஸ்டாண்டில் ரவுட்டர். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு சென்சார்களின் ஹப். ஹப்புக்குப் பக்கத்திலேயே யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க், அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் கம்பெனியே 2012-ல் எழுதி வெளியிட்டிருக்கிறது. அறைக்கொரு வைஃபை கேமரா. நடுவில் ஆளுயர இரும்பு பீரோ. கதவு சென்சாரைக் கழற்றினால், உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்திருக்கிறது. இதில் ஒன்றையும் அவர் அஞ்சு நிமிஷம்கூட ஆஃப் பண்ணிப் பார்த்ததில்லை. "இது எல்லாம் நம்மளுது சார்" என்கிறார்.

உங்கள் அடுக்ககத்திலும் ஒரு சென்சார் சார் இருப்பார். அடுத்த முறை அவர் பெல் அடித்தால் ஓவனை அணைக்காதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். ஹப்பை ரவுட்டரிலிருந்தும் ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் இரண்டு மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ரவுட்டரை வைஃபை சேனல் 1-லும், ஜிக்பீயை 25-லும் நிறுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காது. அதற்கும் மசியவில்லை என்றால் அவர் போனை வாங்கிக்கொண்டு, அவர் வீட்டு மெயின் சுவிட்சை ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணுங்கள். ஊர் முழுக்க சிக்னல் சுத்தமாக இருக்கும்.