தொடர் நாயகன் ஆவது எப்படி?

தம்பி, கோடை விடுமுறையில் அதிராம்பட்டினத்துப் பக்கம் நடந்த எழுவர் கால்பந்துத் தொடரில் ரெண்டு கோல் போட்டுவிட்டு, "இனி ஐ.எஸ்.எல்.தான்" என்று வீட்டில் அறிவித்துவிட்டாய். நல்லது. அப்பா இன்னும் பேசவில்லை என்றால், குறுவை வேலை முடிந்ததும் பேசுவார். அதற்குள் நீ ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அணிக்குக் கிடைக்கும் கோப்பை வேண்டுமா, மைக்கில் உன் பேரை மட்டும் கூப்பிட்டுக் கொடுக்கும் கோப்பை வேண்டுமா? ரெண்டும் வேண்டும் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். ரெண்டாவதை அடையும் வழியை மட்டும் இங்கே சொல்லித் தருகிறேன். முதலாவதற்கு வழிகாட்டி எழுதினால் வாங்க ஆள் கிடையாது.

கோப்பையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்

அணிக்குத் தருவது பெரும்பாலும் சுழற்கோப்பை. யாரோ ஒருவர் தன் தகப்பனார் நினைவாக வைத்தது. ஒரு வருஷம் கிளப்பில் இருக்கும். கிளப் என்றால் கேப்டன் வீட்டுத் திண்ணை, அல்லது அவர் சித்தப்பாவின் சைக்கிள் கடை. அடுத்த தொடர் ஆரம்பிக்கும்போது பாலிஷ் போட்டுத் திருப்பித் தர வேண்டும். கைப்பிடி கழன்றிருந்தால் வெல்டிங் செலவில் உனக்கும் பங்கு உண்டு. ரொக்கப் பரிசைப் பற்றிக் கனவு காணாதே. வேன் வாடகை, வெளியூரிலிருந்து கூட்டி வந்த கெஸ்ட் பிளேயருக்குக் கொடுத்தது, புரோட்டாக் கடை பாக்கி எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவது அடுத்த தொடரின் நுழைவுக் கட்டணத்துக்குச் சரியாக இருக்கும்.

தொடர் நாயகன் கோப்பைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது நேராக உன் வீட்டு ஷோகேஸுக்குப் போகும். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களும் பார்ப்பார்கள்.

கிளப்பை நம்பித்தான் கோப்பை வாங்குவேன் என்றால் கொஞ்சம் சரித்திரம் கேள். 1996-97-ல் முதல் தேசிய லீகை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-ல் கலைந்தது. 2005-06-ல் வென்ற மகிந்திரா யுனைடெட்டை 2010-ல் மூடிவிட்டார்கள். தமிழ்நாட்டுக்கு 2019-ல் ஐ-லீக் பட்டம் கொண்டுவந்த சென்னை சிட்டி அணி இன்று அந்த லீகிலேயே இல்லை. எதிர்ப்பக்கம் பார். 1997-98 தேசிய லீகில் எல்லோரையும்விட அதிகக் கோல் போட்டவர் நம் ராமன் விஜயன், எஃப்.சி. கொச்சின் அணிக்காக. பட்டம் மோகன் பாகனுக்குப் போனது. கொச்சின் கிளப்பும் போய்விட்டது. அதிகக் கோல் அடித்தவர்கள் பட்டியலில் விஜயன் பேர் அப்படியே நிற்கிறது.

எந்த இடத்தில் ஆடுவது

கோல் போடும் இடத்தில். வேறு எங்கும் நிற்காதே.

கோல்கீப்பராகச் சொன்னால் காய்ச்சல் என்று சொல். பேக் ஆடச் சொன்னால் முழங்கால் வலி. பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பர்தானே, அவருக்கு விருது கிடைக்கவில்லையா என்று கோச் கேட்பார். கிடைத்தது, மறுக்கவில்லை. வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்றபோது அவர்தான் கோல்கீப்பர். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பேர் வாங்கினார், 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், 1967-ல் அர்ஜுனா விருதும் வந்தது. கோப்பையும் பேரும் ஒரே ஆளுக்கு. இப்படி ஒருவர் வந்துவிட்டால் நம் வழிகாட்டி என்ன ஆவது? விதிவிலக்கு என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விடு.

டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஜூன் 12-ல் மேட்டூரில் ஷட்டரைத் தூக்கி, பூவும் நெல்மணியும் தூவுகிறவர் படம்தான் மறுநாள் பேப்பரில் வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்காலில் இறங்கி, கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் கோரையை வெட்டி, கரையை அடைத்து, ராத்திரி முறை காத்து நின்றிருப்பார்கள்! அவர்களில் ஒருவர் படமாவது நீ பார்த்திருக்கிறாயா? நம் பேக்கும் ஸ்டாப்பரும் அவர்கள்தான். நீ பூத் தூவுகிற இடத்தில் நில்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. கடைசி நாள் 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிஷத்திலேயே கோல் போட்டுவிட்டது. அன்றே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஜெயித்தது. இங்கே தோற்றிருந்தால் பட்டம் கொல்கத்தாவுக்கு. மான்சி பெனால்டியில் ஒன்று போட்டுச் சமன் செய்தார். மீதி ரெண்டு கோலும் போட்டது கவுரவ் போரா. ஃபார்வர்டு இல்லை, தடுப்பதற்கென்று நிறுத்தப்பட்டவர். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அந்த சீசனைப் பற்றி எந்த டீக்கடையில் பேசினாலும் மான்சி பேர்தான் வரும். போரா பேரைச் சொன்னால் "யாரு?" என்பார்கள். ஆகவே, கடைசி நாளில் பட்டத்தைத் தீர்மானிக்கிற கோலை நீ போட வேண்டுமென்று அவசியம் இல்லை. அதற்கு முன்னால் இருபது போட்டிருந்தால் போதும்.

புகைப்படம்

அணிக் கோப்பையின் பெரிய குறை இதுதான். மேடையில் கூட்டம்.

2022 செப்டம்பர் 18, கொல்கத்தா சால்ட் லேக். டியூரண்ட் கோப்பை இறுதியாட்டம், பெங்களூரு எஃப்.சி.யும் மும்பை சிட்டியும். பதினோராவது நிமிஷத்தில் முதல் கோல் போட்டவர் சிவசக்தி நாராயணன், நம் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூர்ப் பையன். பெங்களூரு 2-1 ஜெயித்தது. பரிசளிப்பில் கோப்பையைத் தர நின்றவர் மேற்கு வங்க ஆளுநர் பொறுப்பில் இருந்த இல.கணேசன். அவர் தஞ்சாவூரில் பிறந்தவர், இப்போது மறைந்துவிட்டார். கேமரா பக்கம் திரும்பும்போது அவர் கேப்டன் சுனில் சேத்ரியைக் கையால் ஒதுக்கிய வீடியோவை நாடே பார்த்தது. அதே மேடையில் கோல் போட்ட சிவசக்தியையும் இன்னொரு பிரமுகர் தள்ளி நிறுத்தினார். இதற்காக ஆளுநரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்த் தொடரில் ஊராட்சித் தலைவர், ஸ்பான்சர், ஸ்பான்சரின் மச்சான் எல்லோரும் நின்ற பிறகு கேப்டனின் ஒரு காது மட்டும் விழுந்த படங்கள் எத்தனையோ உண்டு. தனி விருது வாங்கும்போது படத்தில் நீயும் கொடுப்பவரும் மட்டும். உன்னைத் தள்ளிவிட்டால் கோப்பையை வாங்க ஆள் இல்லை.

சிவசக்தி கதை அதோடு முடியவில்லை. அந்த ஐ.எஸ்.எல். சீசன் முழுக்க நன்றாக ஆடி, வளர்ந்து வரும் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2023 மார்ச் 18, கோவாவில் இறுதியாட்டம். ஆட்டம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே அடிபட்டு வெளியே வந்துவிட்டார். 2-2 சமன், பெனால்டியில் ஏ.டி.கே. மோகன் பாகனுக்குக் கோப்பை. ஆறே மாதத்தில் ரெண்டு அனுபவமும் ஒரே பையனுக்கு: கோப்பையை ஜெயித்து ஓரமாகத் தள்ளப்பட்டதும், விருதை வாங்கிக் கோப்பையை விட்டதும். எது இனித்தது என்று அவரிடம் யாராவது கேட்க வேண்டும். நம் வழிகாட்டிக்கு அந்தப் பதில் தேவையில்லை.

உலகத்தில் நடப்பது

பெரிய ஊர்களிலும் இதே கதைதான், தொகைதான் வேறு. 2013-ல் பிராங்க் ரிபெரி ஆடிய பேயர்ன் மியூனிக் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. உலகின் சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் தங்கப் பந்து ரொனால்டோவுக்கு. அவருடைய ரியல் மாட்ரிட் அந்த ஆண்டு எதையும் வெல்லவில்லை. ரிபெரிக்கு மூன்றாம் இடம். ஹாரி கேனுக்கு 2018 உலகக் கோப்பையில் தங்கக் காலணி, இங்கிலாந்து லீகில் மூன்று முறை அதிகக் கோல். அணிக் கோப்பை என்று ஒன்று, பேயர்னோடு ஜெர்மன் லீக், வந்து சேர்ந்தது 2025 மே மாதத்தில், அதுவும் போட்டியிலிருந்த லெவர்குசன் ஃப்ரைபர்க்கிடம் 2-2 என்று மாட்டிக்கொண்டதால். அன்றைக்குப் பேயர்ன் களத்தில் இறங்கவே இல்லை.

மெஸ்ஸியை மட்டும் கேட்காதே. 2014-ல் உலகக் கோப்பை இறுதியில் தோற்றுவிட்டு, போட்டியின் சிறந்த வீரர் விருதை வாங்கப் போனவர் முகத்தை டி.வி.யில் பார்த்திருப்பாய். அந்த முகம் நம் வழிகாட்டிக்கு நல்ல விளம்பரம் இல்லை. எட்டுத் தங்கப் பந்து வாங்கியவர் 2022-ல் கத்தாரில் எதைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார் என்பதையும் பேசாமல் விடுவோம்.

ஸ்கோர் எழுதுகிறவரைக் கவனி

இது மிக முக்கியம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 தோற்றது, பிரான்ஸோடு 1-1 சமன், பெருவிடம் 3-1 தோற்றுப் பிரிவில் கடைசி. அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கால் வைக்கவில்லை. ஆகவே பெருவுக்கு எதிராகப் போட்ட அந்த ஒற்றைக் கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல். தனிநபர் பெருமை என்றால் இதைவிடப் பெரிதாக என்ன வேண்டும்? அதைப் போட்டவர் தமிழ்நாட்டு ஒலிம்பியன் சைமன் சுந்தர்ராஜ் என்று பத்திரிகைகள் எழுதிவருகின்றன. சில சர்வதேசப் பதிவுகளைத் திறந்தால் துளசிதாஸ் பலராம் பேர் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஏடுகள் ஒத்துப்போகவில்லை. எனவே கோல் போட்டதும் மூலைக்கொடிப் பக்கம் ஓடி ஆடாதே. நேராக ஸ்கோரர் மேஜைக்குப் போ, இனிஷியலோடு பேரைச் சொல், எழுதும் வரை நில்.

சுந்தர்ராஜ் பிறகு பயிற்சியாளர் ஆனார். 1973-ல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து கேரளா முதல் முறை சந்தோஷ் டிராபி வாங்கியபோது அவர்தான் கோச். மூன்று கோலும் கேப்டன் டி.கே.எஸ். மணி. அந்தக் கோப்பை யாருக்கு என்பதில் எந்த ஏட்டிலும் தகராறு இல்லை. இந்தத் தகவல் வழிகாட்டிக்கு எதிராகப் போவதால் வேகமாகத் தாண்டிவிடு.

தங்கச்சிகளுக்குத் தனி அத்தியாயம் போட இடமில்லை. 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள், முதல் முறை மணிப்பூரையே வென்று. 2019-ல் மதுரை சேது எஃப்.சி. பெண்கள் லீகை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டே காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் பார்த்தார். நம் ஊர் ஃப்ளெக்ஸில் இவர்கள் படத்தை நான் பார்த்ததில்லை. உங்களுக்குக் கோப்பையும் இல்லை, நாயகியும் இல்லை என்று கமிட்டி முன்பே முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. ஜெயித்துக்கொண்டே இருங்கள், வேறு யோசனை என்னிடம் இல்லை.

பேட்டி கொடுக்கும் முறை

விருது கையில் இருக்கும்போது, "எனக்கு அணிதான் முக்கியம், கோப்பை வராதது வருத்தம்" என்று சொல். முகம் சற்றே வாடட்டும். கோப்பை கையில் இருக்கும்போது நீ எத்தனை கோல் போட்டாய் என்று நீயே எடுக்காதே. அதற்கு ஒரு நண்பனைப் பக்கத்தில் நிறுத்திவை.

வேலைக்கு மனுப் போடும் நாளில் மட்டும் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கேட்பது எந்த அளவிலான போட்டி, அணி எந்த இடம் பிடித்தது என்று. தொடர் நாயகன் கோப்பையைப் பையில் போட்டுக் கொண்டுபோனால் பியூன் மேஜைமேல் வைக்கக்கூட விட மாட்டார். உன்னோடு ஆடிய இடது பேக், ஒரு கோலும் போடாதவன், அதே சான்றிதழோடு உனக்கு முன்னால் வரிசையில் நிற்பான். பொறாமைப்படாதே, பேனா இருந்தால் கொடு.

கடைசியாக ஒரு அறிவிப்பு. மேலே உள்ள யோசனைகளை எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் ஏற்கெனவே கடைப்பிடிக்கிறார்கள். இப்போது எங்கள் அணியில் ஃபார்வர்டு பதினொரு பேர் இருக்கிறார்கள். அடுத்த மே மாதத் தொடருக்கு ஒரு கோல்கீப்பரும் ரெண்டு பேக்கும் அவசரமாகத் தேவை. பூட்ஸும் சாப்பாடும் நாங்கள் தருகிறோம். மைக்கில் பேர் சொல்லச் சொல்லி அறிவிப்பாளரிடம் இப்போதே பேசியாகிவிட்டது. கூச்சப்படாமல் வாருங்கள்.