பார்க்கிங்கில் ஒரு படகு

முடிச்சூர்ப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கும் என்று கேட்பார்கள். 2015க்குப் பிறகு எத்தனை அடி வரும் என்று கேட்கிறார்கள்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. ஆதனூர்ப் பக்கமிருந்து அடக்கமாக வரும் அடையாறு அன்று வரதராஜபுரத்துக்குள்ளும் முடிச்சூருக்குள்ளும் புகுந்து முதல் மாடியை விசாரித்தது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைக்குப் பக்கத்தில்தான் ஆற்றில் சேருகிறது, அதாவது எங்களைத் தாண்டி. எனவே நம் வெள்ளத்துக்கு அந்த ஏரியைத் திட்டுவது பூகோளப்படி தப்பு என்று எங்கள் ஃபிளாட்டின் ரயில்வே மாமா இன்றைக்கும் ஆள்பிடித்து விளக்குகிறார். எங்களை மொட்டைமாடியிலிருந்து இறக்கியவர்களுக்குப் பூகோளம் தேவைப்படவில்லை. கடற்கரையிலிருந்து ஃபைபர் படகுகளோடு வந்த மீனவர்கள் அவர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்துபோனதும் அசோசியேஷன் கூடித் தீர்மானம் போட்டது: சொந்தப் படகு. மூடிப்போன ரிசார்ட் ஒன்றிலிருந்து அலுமினியப் படகு கிடைத்தது. பன்னிரண்டடி நீளம், தட்டையான அடி, குறுக்கே மூன்று பலகை. மீன் பிடிக்கச் செய்தது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒரே அளவுக்கு எடுத்துக்கொண்டால் அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான். அந்தப் படகின் மொத்தப் பெருமையும் அதில்தான் இருக்கிறது. 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தியதை டிவியில் பார்த்தபோது நாங்கள் கொஞ்சம் அலட்சியமாகவே சிரித்தோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டிய வீட்டுக்கு கிரில், கிரில்லுக்கு வலை, வலைக்கு மேல் ஷேட் என்று போகிற ஊர் இது. படகை மட்டும் சும்மா விடுவோமா?

முதலில் ஏறியது தரை. “வயசானவங்க வழுக்கி விழுந்தா?” என்று கேட்டு, 18 மில்லி வாட்டர்புரூஃப் பிளைவுட் ஒரு முழு ஷீட்டை அறுத்துப் போட்டார்கள். அடுத்து வெயிலுக்கும் மழைக்கும் ஜி.ஐ. பைப்பில் கூரை. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தனி மேடை. பால் பாக்கெட் கூடை மாட்டக் கொக்கி. காஸ் சிலிண்டர் உருளாமலிருக்க வளையம். ஏ பிளாக்குக்கு இடப்பக்கம், பி பிளாக்குக்கு வலப்பக்கம் என்று சீட் நம்பர். ரயில்வே மாமா தமக்கு லோயர் பெர்த் கேட்டதாகக் கிளம்பிய பேச்சை அவர் மறுக்கிறார்.

நான் ஒரு நாள் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். இந்த அகலத்துக்கும் நீளத்துக்கும் ஏறக்குறைய 35 கிலோ ஏறினால் படகு ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஒரு பிளைவுட் ஷீட் கிட்டத்தட்ட அதே எடை. கூரை அமிழ்த்துவதோடு நிற்காது, ஆளையும் கவிழ்க்கும். எடை மேலே போகப்போகச் சின்னப் படகு தள்ளாடும். இதைக் கூட்டத்தில் சொன்னேன். “அப்போ ஒரு சென்டிமீட்டர்தானே?” என்றார் செயலாளர். மினிட்ஸில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

உருப்படியாக ஒன்று நடந்தது. பலகைகளுக்கு அடியில் தெர்மாகோல் அடைத்தோம். ஒரு கன அடி தெர்மாகோல் 28 கிலோ வரை தாங்கும். படகில் தண்ணீர் ஏறினாலும் முழுகாது. தெர்மாகோல் என்று சொன்னவுடன், தண்ணீர் ஆவியாகாமலிருக்க அதை மிதக்கவிட்ட வைகை அணையை எல்லோரும் நினைத்துச் சிரித்ததில் அரை மணி போயிற்று. அந்தச் சிரிப்பில், மோட்டாருக்கான பெட்ரோல் கேனை அதே பலகைக்கு அடியில் வைத்ததை யாரும் கவனிக்கவில்லை. பெட்ரோல் பட்டால் தெர்மாகோல் உருகிக் கூழாகும். கேனை அங்கிருந்து எடுக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இதற்கிடையில் பி-2 மாமி அணியத்தில் ஒரு செப்புத் தகடு பதித்துவிட்டார். ஜல யந்திரம், முறைப்படி பூஜை செய்தது. ஒரு மழை தாண்டியதும் குனிந்து பார்த்தேன். தகடு பளபளவென்று இருந்தது. சுற்றியிருந்த அலுமினியம் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைத் தூள் கக்கியிருந்தது. நகத்தால் சுரண்டினால் குழி. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அதுவே ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம்தான். மாமியிடம் விஞ்ஞானம் எடுபடவில்லை. “ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது மாமி, தீட்டு” என்றேன். உடனே புரிந்துகொண்டார். யந்திரம் இப்போது ஜிப்லாக் கவருக்குள் இருக்கிறது.

கோவளத்திலிருந்து தெரிந்த மீனவர் அண்ணன் ஒருவரைப் பார்வையிட அழைத்தோம். சுற்றி வந்தார். கொக்கியை ஆட்டினார். மேடையைத் தட்டினார்.

“இன்னா சார் இது, படகா ஊடா?”

“எல்லா வசதியும் இருக்குண்ணே.”

“இருக்கு. ஆளு எங்க குந்துவான்?”

கூரையைக் கழற்றச் சொன்னார். பொருளாளர் பில்லைக் காட்டினார். அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு காலை, மாலை போட்டுப் படகை இறக்கினோம். இரண்டு குதிரைசக்தி மோட்டார் கர்ரென்றது. முன்னால் ரயில்வே மாமா பச்சைத் துண்டை ஆட்டினார். இரண்டு வீடு தாண்டியிருப்போம். அடியில் ‘ணங்’.

மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை. விசிறி எதிலாவது முட்டினால் அதைக் காப்பாற்றத் தானே ஒடிந்துகொள்ளும் ஷியர் பின் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு, அது ஒடிந்திருந்தது. செயலாளர் இறங்கிக் காலால் துழாவினார். வேகத்தடை. இந்தத் தெருவுக்கு வேகத்தடை வேண்டுமென்று கையெழுத்து வாங்கி, மனுப்போட்டு, அலைந்து கொண்டுவந்தவர் பச்சைத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“இதுக்குத்தான் மெதுவா வாங்கன்னு சொல்றது.”