மிரர் புராணம்

டெபியன் 1.0 என்றொரு லினக்ஸ் பிறக்கவே இல்லை. 0.93-இலிருந்து நேராக 1.1-க்குத் தாவிவிட்டார்கள். ராகுகாலம் பார்த்தெல்லாம் இல்லை. 1995 கடைசியில் இன்ஃபோமேஜிக் என்ற அமெரிக்க நிறுவனம், அரைவேக்காடாக சர்வரில் கிடந்ததை அப்படியே வாரி, தன் 5 சிடி தொகுப்பில் 'டெபியன் 1.0' என்று போட்டு விற்றுவிட்டது. பெற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைக்குப் பெயர் சூட்டிய கதை. அது பூட் ஆவதே சந்தேகம் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, டெபியன்காரர்கள் அந்த எண்ணையே தலைமுழுகினார்கள்.

இணையம் எட்டாத கம்ப்யூட்டருக்கு மென்பொருள் சுமக்கும் திருப்பணியில் அன்றும் இன்றும் ஒரே ஒரு சிக்கல்தான். காப்பி அடிக்க யாருக்கும் தெரியும், எப்போது அடிப்பது?

1996-இல் 1.1 வந்தபோது மொத்தமே 474 பேக்கேஜ். அதே வருடம் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மக்கெராஸும் ஆர்சிங்க் நிரலை வெளியிட்டார்கள். கோப்பில் மாறிய துண்டை மட்டும் அனுப்பும் வித்தை அது. மோடம் யுகத்து அட்மின்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பேக்கேஜ்களோ கும்பிடு வாங்கிக்கொண்டு பெருகின. 2023-இல் வந்த டெபியன் 12-இல் 64,419.

கூட்டம் பெருகினால் வரிசை வேண்டும். கிடங்கை அப்படியே பிரதி எடுத்து வைக்கும் சர்வருக்கு மிரர் என்று பெயர். புதுப் பேக்கேஜ் பட்டியல் மிரருக்கு முதலில் வந்து, பேக்கேஜ் பின்னால் வந்தால், இடையில் கேட்பவருக்குக் கிடைப்பது 404. அதனால் முதலில் பேக்கேஜ், பிறகு பட்டியல், கடைசியில் பழைய சரக்கை அழிப்பது என்று சட்டம் போட்டார்கள். இவ்வளவு எளிய விஷயத்தை எத்தனை மிரர்கள் உடைந்த பிறகு கண்டுபிடித்தார்கள் என்று கேட்கக் கூடாது.

உள்ளூரில் பிரதி எதற்கு, டிஸ்க் என்ன சும்மாவா வருகிறது என்று கேட்ட மேலாளர்களுக்கு 2016 மார்ச்சில் பதில் வந்தது. கிக் என்ற பெயருக்கு நடந்த சண்டையில் கோபித்துக்கொண்ட அஸெர் கோச்சுலு, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் கிடங்கான என்பிஎம்-இல் இருந்த தன் பேக்கேஜ்களையெல்லாம் தூக்கிவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட்: மொத்தம் 11 வரி; அதன் வேலை, சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது. அதை நம்பியிருந்த ஊர்ப்பட்ட மென்பொருள்கள் பில்டு ஆகாமல் நின்றன. சொந்தப் பிரதி வைத்திருந்தவர்கள் நிதானமாகக் காபி குடித்தார்கள்.

சரி, பிரதி எடுத்து, வெளியுலகத் தொடர்பை அறுத்து, ஹார்ட் டிஸ்க்கில் சுமந்துபோனால் நிம்மதியா? சுமப்பவரை நம்பத் தேவையில்லை. பட்டியலில் டிஜிட்டல் கையெழுத்து உண்டு. ஆனால் டெபியனின் பாதுகாப்புப் பட்டியலுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. பழைய ஓட்டைப் பதிப்பை யாரும் புதிதென்று தலையில் கட்டிவிடக் கூடாதாம். ஆகவே டிஸ்க் சுமப்பவர் பத்து நாள் லீவில் போனால், டெபியனில் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஏபிடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கும் மருந்து இருக்கிறது: தேதியே பார்க்காதே என்று ஒரு வரி செட்டிங். லீவு முடிந்து அவர் திரும்பிய பிறகும் அந்த வரியை எடுக்க யாருக்கும் மனசு வராது.